வெள்ளைக்குக் கீழே சிவப்பு

விடியற்காலை நாலே கால் மணி. கனடாவில், ஸ்ரௌவ்வில்லைத் தாண்டி வடக்கே போகிற ஒற்றை வீதி. இரண்டு பக்கமும் வெறும் வயல்... தெருவிளக்குக் கிடையாது. வீடு கிடையாது. முன்னாலும் வாகனம் இல்லை, பின்னாலும் இல்லை. ஒரு வான் மட்டும் போகிறது. வானுக்குள் ஒரேயொரு மனிதர். பின்பக்கத்தில் ஒரு வாளி வெள்ளைப் பெயின்ற்.

அந்த நேரத்தில் யார் பெயின்ற் அடிக்கப் போவார்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பகலில் அடித்தால் ஆட்கள் பார்த்துவிடுவார்கள். அதனால்தான் அந்த நேரம். செல்வரட்ணம், கதை முடியும்வரை அந்தத் தொலைபேசி வெளிச்சத்தை அணைத்துவிட்டு உட்காருங்கள். சிரிக்கிற ஆட்களும் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள்.

வானில் போனவர் பெயர் ஸம்சுதீன். நம்முடைய நஸ்லீமை உங்களில் சிலருக்குத் தெரியும். அவனுடைய ராத்தா, அதாவது அக்கா, ரிஸ்மியாவின் கணவர். ஐம்பத்து நான்கு வயது, வெக்ஸ்போர்ட்டில் வீடு, இருபத்தைந்து வருடமாகப் பெயின்ற் வேலை. கெட்ட மனிதர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஐந்து நேரமும் தொழுவார். கேட்டவனுக்கு ஏணி கொடுப்பார், கொடுத்த ஏணியைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார். ஒரே ஒரு குறை. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லமாட்டார். நாளைக்குச் சொல்லலாம் என்பார். அந்த நாளை ஒரு ஆளை விழுங்கியது. இன்னொரு ஆளையும் விழுங்கப் பார்த்தது.

அந்த வீதியின் முடிவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அதன் நடுவில் ஒரு பழைய ரோலர் கோஸ்ரர். இப்போது கட்டுகிற இரும்புக் கோஸ்ரர் இல்லை. முழுக்க மரம். ஆயிரக்கணக்கான மரக்கால்கள், குறுக்குச் சட்டங்கள், மூன்று பெரிய மேடுகள். அடியிலிருந்து உச்சிவரை வெள்ளை. கால் வைத்து நடக்கிற பலகைகூட வெள்ளை. அங்கே வேலை செய்த தமிழ் ஆட்கள் அதற்கு வெள்ளைச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். பகலில் பார்த்தால் வடிவு. இருட்டில் பார்த்தால்... சரி, அதற்கு வருவோம்.

வெள்ளைச்சிக்கு வெள்ளை அடிப்பது ஸம்சுதீனின் வேலை. அதன் மரங்களைப் பார்ப்பது ஸ்ரீஸ்கந்தராசா என்ற தச்சரின் வேலை. எல்லோருக்கும் அவர் ஸ்ரீ அண்ணை. கோஸ்ரர் ஓடுகிற மாதங்களில் ஒவ்வொரு நாளும் விடிய முன்பே அவர் மேலே ஏறிவிடுவார். நெற்றியில் ஒரு விளக்கு. கையில் ஒரு சின்னச் சுத்தியல். தண்டவாளத்தை ஒட்டிய நடைபலகையில் நடந்தபடி ஒவ்வொரு மரமாகத் தட்டுவார். நல்ல மரம் 'ணங்' என்னும். உள்ளே உக்கி இற்றுப்போன மரம் 'தொப்' என்னும். 'தொப்' என்றால் நின்று, சட்டைப் பையிலிருந்து சிவப்பு மெழுகுக் கட்டியை எடுத்து ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி போட்ட மரத்தை மாற்றி முடிக்கும்வரை பெயின்ற் அடிப்பவர் அதைத் தொடக்கூடாது. எந்தக் கடதாசியிலும் எழுதாத சட்டம் அது. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு பேரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். நல்ல ஒட்டு. ஒரே ஒரு விசயத்தில் மட்டும் கீரியும் பாம்பும். பெயின்றா, ஸ்ரெயினா?

ஸ்ரெயின் என்பது எண்ணெய் போல மரத்துக்குள் ஊறிப்போகிற சாயம். அடித்த பிறகும் மரத்தின் ரேகை தெரியும், வெடிப்புத் தெரியும், உக்கல் தெரியும். பெயின்ற் உள்ளே போகாது. தோல் மாதிரி மேலே மூடி நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்காக இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை பிடிப்பார்கள்.

"தம்பி, ஸ்ரெயின் அடிச்சா மரத்துக்கு என்ன வருத்தம் எண்டு கண்ணால பாக்கலாம். நீர் உந்த வெள்ளையை அப்பிப்போட்டுப் போறீர். நான் குருடன் மாதிரித் தட்டித் தட்டித் திரியிறன்."

"அண்ணை, மண்ணிறத்தில அடிச்சா இது கோஸ்ரரோ, பின்வளவு வேலியோ எண்டு சனம் கேக்கும். வெள்ளையைப் பாத்துத்தான் சனம் வருது."

"வரட்டும். வந்த சனம் உயிரோட வீட்டை போகவேணும் எல்லோ?"

பராமரிப்புப் பகுதிக்கு மேலாளர் செரீனா. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவள் ஒருநாள் இரண்டில் எது நல்லது என்று ஸம்சுதீனையே கேட்டாள். வெள்ளைதான் பிள்ளை நல்லம் என்றார். அவரிடம் இருந்ததெல்லாம் வெள்ளை விசிறுகிற இயந்திரங்கள். ஸ்ரெயின் என்றால் தூரிகையால் தேய்த்து ஊறவைக்க வேண்டும், மாதக்கணக்கில் வேலை. ஸ்ரீ அண்ணை இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தன் வடையில் பாதியைப் பிய்த்து நீட்டினார். அப்படிப்பட்ட மனிதர்.

போன ஒக்ரோபர் கடைசி. அடுத்த நாளிலிருந்து குளிர் இறங்கும் என்று சொல்லிவிட்டார்கள். குளிரில் பெயின்ற் பிடிக்காது. மூன்றாவது மேட்டின் உச்சி மட்டும்தான் மிச்சம். அங்கே கைப்பிடிச் சட்டத்தில் ஒரு சிவப்புக் குறி. மேலே ஏறுகிறவர்கள் விழாமல் இருக்க இடுப்புப் பட்டியின் கொக்கியைக் கொழுவுகிற சட்டம் அது. ஸ்ரீ அண்ணை அன்று காலையில்தான் குறி போட்டிருந்தார். மாற்று மரம் மறுநாள் வருவதாக இருந்தது.

ஸம்சுதீன் குறியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அதை விட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கில் வராது; அந்த ஒரு சட்டத்துக்காக இளவேனிலில் ஆட்களையும் ஏணிகளையும் கொண்டு மறுபடி ஏறவேண்டும். அண்ணையிடம் ஒரு சொல் சொல்லிவிட்டால் போச்சு... அடித்துவிட்டார்.

கீழே இறங்கும்போது ஸ்ரீ அண்ணை வீட்டுக்குப் போயிருந்தார். தொலைபேசியில் சொன்னால் திட்டு விழும். நாளைக்குச் சொல்லலாம் என்று ஸம்சுதீன் வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், படுத்தார்.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு ஸ்ரீ அண்ணை ஏறினார். குறி போட்ட சட்டம் வெள்ளை படாமல் தனியாகத் தெரியும் என்று தேடியிருப்பார். வெள்ளையாக இருந்தால் அது நல்ல மரம். குறி போட்டதை ஸம்சு தொடமாட்டான் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் வெள்ளைச் சட்டம் ஒன்றில் கொக்கியைக் கொழுவினார். சாய்ந்தார். சட்டம் அவரோடு சேர்ந்தே கீழே போனது.

விசாரிக்க வந்தவர்கள், உறைபனியில் வழுக்கிவிட்டார், விழுந்த பாரத்தில் சட்டம் முறிந்தது என்று எழுதி முடித்தார்கள். ஸம்சுதீன் வாய் திறக்கவில்லை. மரணச் சடங்கில் ஸ்ரீ அண்ணையின் மனைவி கமலாம்பிகை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மைப் பற்றித்தான் எப்பவும் கதைப்பார் தம்பி" என்று அழுதார். அப்போதும் திறக்கவில்லை. வெளியே வந்து வானுக்குள் இருந்து தலையில் அடித்து அழுதார். அழுது என்ன பயன்? அழுகையைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

பனிக்காலம் போனது. ஸ்ரீ அண்ணையின் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. இங்கேதான் நஸ்லீம் வருகிறான். கட்டாரில் தச்சுவேலை செய்துவிட்டு அந்தப் பனிக்காலத்தில்தான் கனடாவுக்கு வந்திருந்தான். ரிஸ்மியாவுக்கு அவன் தம்பி என்றில்லை, பிள்ளை. உம்மா கண்மூடி மௌத்தானபோது அவனுக்கு நான்கு வயது. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

"செரீனாட்டச் சொல்லி அந்த வேலையைத் தம்பிக்கு எடுத்துக் குடுங்கோ."

"அந்த வேலை சரிவராது ரிஸ்மியா."

"ஏன் சரிவராது? வேலை தெரிஞ்ச பொடியன்தானே?"

ஏன் என்பதற்கு ஸம்சுதீனிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். எடுத்துக் கொடுத்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சோறு தின்றுகொண்டிருக்கும்போது நஸ்லீம் கூப்பிட்டான்.

"மச்சான், எனக்கு முதலே அங்க ஒரு அங்கிள் ஏறிடுறார். நான் கேற்றைத் திறக்கேக்கையே மேல தட்டுற சத்தம் கேக்குது."

"எந்த அங்கிள்?"

"பேர் கேக்கேல்ல. மெலிஞ்ச ஆள். கோடாலித் தைலம் மணக்கும். நல்ல மனுசன் மச்சான், எங்க எப்பிடித் தட்டுறது எண்டு காட்டித் தாறார்."

ஸம்சுதீனின் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. ஸ்ரீ அண்ணைக்கு முழங்கால் வலி. கோடாலித் தைலம் பூசாமல் ஒருநாளும் ஏறமாட்டார். அந்த மணம் அவருக்கு முன்னால் வரும்... நஸ்லீம் ஸ்ரீ அண்ணையைக் கண்டதில்லை. படத்தில்கூடக் கண்டதில்லை.

சொல்லியிருக்கலாம். தம்பி, அந்த அங்கிள் செத்துப்போனவர் என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் செத்தார் என்று அவன் கேட்டிருப்பான். ஸம்சுதீன் கையைக் கழுவிவிட்டு காவலுக்கு ஓதுகிற ஆயதுல் குர்ஸி வசனத்தை ஓதிக்கொண்டு படுத்தார். நித்திரை வரவில்லை.

மே மாதம் பிறந்தது. விக்ரோறியா நாள் விடுமுறைக்குப் பூங்கா திறக்கவேண்டும். செரீனா கூப்பிட்டாள்.

"அங்கிள், உங்கட பெயின்ற் ப்ளீட் பண்ணுது. எல்லா இடமும் ரெட் மார்க்ஸ். ஓப்பனிங்குக்கு ரூ வீக்ஸ்தான் இருக்கு, ப்ளீஸ் கெதியா வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தார். வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு மேலே வந்துகொண்டிருந்தது. பெருக்கல் குறி. மெழுகுக் கட்டியின் சிவப்பு வெள்ளையைத் தாண்டி மேலே ஊறிவரும் என்பது பெயின்ற் அடிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதில் புதினமில்லை. புதினம் என்னவென்றால்... ஸம்சுதீன் தன் வாழ்நாளில் மூடி அடித்தது ஒரேயொரு குறியைத்தான். அந்த மரம் ஸ்ரீ அண்ணையோடு போய்விட்டது. இங்கே நான்கு குறிகள்.

பெருவிரலால் தேய்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. கத்தியால் சுரண்டினார். ஒக்ரோபரில் அடித்த பூச்சு உரிந்து வந்தது. அதற்குக் கீழே, வெறும் மரத்தில், சிவப்புக் கோடு இரண்டு. பூச்சை அடித்த பிறகு அதற்கு அடியில் யார் போய் எழுதுவது? நீங்கள் சொல்லுங்கள்.

மூடுகிற பூச்சு ஒன்று உண்டு. எந்தக் கறையையும் மேலே விடாது. அதை அடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை நான்கும் அப்படியே மேலே நின்றன. கூட ஒன்று. பிறகு எட்டு. பிறகு பதினொன்று.

திறப்புக்கு நாலு நாள் இருக்கும்போது செரீனா மறுபடி கூப்பிட்டாள். நாளைக் காலை எட்டு மணிக்கு எஞ்சினியர் ஒருவர் வருகிறாராம். குறி தெரிகிற இடமெல்லாம் சுரண்டிப் பார்க்கப்போகிறார்களாம்.

சுரண்டினால் சிவப்புக்கு மேல் யார் வெள்ளை அடித்தது என்று கேட்பார்கள். மூன்றாவது மேட்டையும் அப்படித்தான் அடித்தாயா என்று கேட்பார்கள். பிறகு செய்தி வெக்ஸ்போர்ட்டுக்கு வரும், ரிஸ்மியாவின் காதுக்கு வரும். அவளுடைய கண்ணை அதற்குப் பிறகு எப்படிப் பார்ப்பது? அந்தப் பயம்தான் அவரை நாலே கால் மணிக்கு அந்த வீதியில் கொண்டுபோனது. பதினொரு குறியையும் மூடிவிட்டால் எஞ்சினியர் எதைச் சுரண்டுவார்? எட்டு மணிவரைக்கும் பூச்சுத் தாங்கினால் போதும். அரை மணியில் காய்கிற பூச்சு கையில் இருந்தது. நஸ்லீம் ஐந்தரைக்குத்தான் வருவான்.

வானை நிறுத்தினார். இறங்கினார். காற்று இல்லை. தலையை நிமிர்த்தினால் வெள்ளைச்சி... இருட்டில் எலும்புக்கூடு மாதிரி நின்றது. வாளியைத் தூக்கிக்கொண்டு, "பிஸ்மில்லாஹ்" என்று முதல் படியில் கால் வைத்தார்.

முதல் குறி பத்தாவது படிக்கு மேலே. அடிக்க முன் ஏதோ ஒரு யோசனை. இடுப்பிலிருந்த ஸ்குறூ ட்றைவரை எடுத்துக் குறியின் நடுவில் வைத்து அழுத்தினார். பாண்ரொட்டிக்குள் கத்தி போனதுபோலப் பிடிவரைக்கும் போனது. வெளியே எடுத்தபோது ஈரமான கறுப்புத் தூள். மக்கல் மணம். இரண்டாவது குறியிலும் அப்படித்தான். மூன்றாவதிலும்...

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒவ்வொரு குறியும் உண்மை. ஸ்ரீ அண்ணை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

விளங்கிய பிறகாவது நிறுத்தியிருக்கவேண்டும். அதுதானே உங்கள் மனதில் ஓடுகிறது? அவருடைய மனதிலும் ஓடியது. எட்டு மணிக்குப் பிறகு செரீனாவிடம் தனியாகச் சொல்லி மரத்தை மாற்றச் செய்யலாம், குறியைப் பற்றி மூச்சு விடவேண்டியதில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு அடித்தார். நான்கு... ஐந்து... ஆறு...

ஏழாவதில் சத்தம் கேட்டது.

ணங்.

தூரத்தில், மூன்றாவது மேட்டுப் பக்கம். பிறகு இரண்டு அடி நடக்கிற சத்தம். பலகை மெல்ல முனகியது. ணங். மறுபடி இரண்டு அடி. ணங். அவசரமில்லாத சத்தம். தன் வேலையைத் தெரிந்த மனிதர் தன் வேலையைச் செய்கிற சத்தம்.

ஸம்சுதீன் விளக்கை அணைத்தார். ஓதத் தொடங்கினார். பாதியில் வசனம் மறந்துபோனது. அல்லாவே... சின்ன வயதிலிருந்து மறக்காத வசனம். கை மட்டும் நிற்கவில்லை. எட்டு. ஒன்பது. பத்து.

பதினோராவது குறி இரண்டாவது மேட்டின் உச்சியில். கைப்பிடிச் சட்டம். அதுவும் கொக்கி கொழுவுகிற இடம். நடைபலகை அங்கே திரும்புகிறது. ஏறுகிறவன் கீழே இருந்த கொக்கியைக் கழற்றி அந்தச் சட்டத்தில்தான் மாற்றிக் கொழுவவேண்டும். இன்னும் ஒரு மணி நேரத்தில் நஸ்லீம் கொழுவுவான்.

ஸம்சுதீன் தூரிகையை நனைத்தார். சத்தம் கிட்ட வந்தது. ணங்... ணங்... கோடாலித் தைலத்தின் மணம் மூக்கில் ஏறியது. மறு கை சட்டத்தைப் பிடித்தபடி இருந்தது. அந்தக் கைக்கு அருகிலேயே, மரம் அதிர, ஒரு அடி.

தொப்.

பிறகு குரல். கோபம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கதைக்கிற அதே குரல்.

"தம்பி... இதை மட்டும் விடும்."

பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஸம்சுதீனுக்குக் கண்ணீர் வந்தது. "மன்னியுங்கோ அண்ணை" என்றார். சொல்லிவிட்டு அடித்தார். இரண்டு தரம் அடித்தார். சிவப்பு மறைந்தது.

கீழே வந்து வானுக்குள் ஏறி இருந்தார். புறப்படவில்லை. நஸ்லீமிடம் சொல்லத்தான் காத்திருந்தார், அதை நீங்கள் நம்பவேண்டும். இரண்டாவது மேட்டில் கொழுவாதே என்று ஒரு வசனம். அவ்வளவுதான். வாய்க்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தார்.

ஐந்தரைக்கு நஸ்லீமின் கார் வந்தது. பக்கத்தில் நிறுத்தி இறங்கினான்.

"மச்சான்! இந்த நேரத்தில இஞ்ச என்ன செய்யிறியள்?"

"சும்மா... சின்னப் பெயின்ற் ரச்-அப்."

"ஏன் ஒரு மாதிரி இருக்கிறியள்? காய்ச்சலோ?"

"ஒண்டுமில்ல. நஸ்லீம்..."

"என்ன மச்சான்?"

இரண்டாவது மேட்டில் கொழுவாதே என்றால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். குறி இருந்தது என்று சொல்லவேண்டும். குறி இப்போது எங்கே என்று கேட்பான்...

"பாத்து ஏறு" என்றார்.

"ஓம், ஓம்" என்று சிரித்துவிட்டு அவன் போனான்.

நெற்றி விளக்கு படியில் ஏறுவது வானின் கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. முதல் மேடு. நின்று நின்று, தட்டித் தட்டிப் போனது. இறங்கியது. இரண்டாவது மேட்டில் ஏறியது. ஸம்சுதீன் கையை ஹோர்னில் வைத்தார். அழுத்தினால் நிற்பான். நின்று இறங்கி வந்து ஏன் என்று கேட்பான். விளக்கு உச்சிக்குக் கிட்டப் போனது. கை ஹோர்னில்தான் இருந்தது... அழுத்தவில்லை. மனிதன் அழுத்தவில்லை.

உச்சியில் விளக்கு நின்றது. அசையாமல் நின்றது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கு எரிந்தது. இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு இரண்டுமாகத் திரும்பி, வந்த வழியால் இறங்கின.

ஸம்சுதீன் வானை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். காய்ச்சல் என்று ரிஸ்மியாவிடம் சொல்லிவிட்டுப் போர்த்துக்கொண்டு படுத்தார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைகூட இல்லை. அவள் கொண்டுவந்த கொத்தமல்லித் தண்ணீரைக் கையில் வாங்கவும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

பின்னேரம் மூன்று மணி. நல்ல வெயில். தொலைபேசி அடித்து எழும்பினார். நஸ்லீம்.

"மச்சான், கேட்டியளோ சங்கதி? இண்டைக்கு நான் மௌத்தாகியிருப்பன். ரெண்டாவது மேட்டுச் சட்டம் உள்ளுக்க முழுக்க உக்கல். கொழுவப் போறன், அந்த அங்கிள் வந்து கையைப் பிடிச்சு மறிச்சிட்டார். வெள்ளையை நம்பாதை எண்டார்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஸம்சுதீன்.

"அங்கிள் எனக்குக் காட்டின பதினொரு இடத்தையும் எஞ்சினியர் வந்து சுரண்டிப் பாத்தவர். எல்லாம் உக்கல். திறப்பு விழாவை நிப்பாட்டிப்போட்டினம். முழு வெள்ளையையும் சுரண்டிப்போட்டு ஸ்ரெயின்தான் அடிக்கவேணுமாம். செரீனா சொல்லிப்போட்டா."

"நல்லது... நல்லது தம்பி."

"அங்கிளுக்கும் இண்டையோட வேலை முடிஞ்சுதாம். வெக்ஸ்போர்ட்டில ஒரு ஆளைப் பாத்து ஒண்டு சொல்லவேணும் எண்டார். சரி ஏறுங்கோ எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான். வழி வழியா அவர்தான் சொன்னவர், இடது, வலது எண்டு. கடைசியில பாத்தா உங்கட வீடு! இப்பதான் வாசல்ல இறக்கிவிட்டிட்டு லோறன்ஸ் றோட்டால போறன். உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் எண்டு சொல்லவேயில்லையே மச்சான்?"

ஸம்சுதீன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். வீடு அமைதியாக இருந்தது. குசினியிலிருந்து ரிஸ்மியாவின் குரல் கேட்டது.

"சீனி எத்தினை கரண்டி அண்ணை?"

எழும்பினார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். குசினி வாசலில் நின்றார்.

ரிஸ்மியா மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். மேசையில் ஒரு கோப்பை தேநீர். அதற்கு முன்னால் ஒரு கதிரை வெளியே இழுத்துப் போட்டிருந்தது. கதிரையில் ஒருவரும் இல்லை. ஆனால் அவள் அந்தக் கதிரையைப் பார்த்துத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இடைக்கிடை "ம்..." என்றாள். "ம்... பிறகு?" என்றாள். சிரித்த முகம் மெல்ல மெல்ல மாறியது. ஒரு கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது.

நெடுநேரம் கேட்டாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"அந்தச் சட்டத்திலதான் என்ர தம்பி கொழுவுவான் எண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டா அடிச்சனீங்கள்?"

ஸம்சுதீன் வாயைத் திறந்தார்.

ரிஸ்மியா கதிரைப் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் பொறுங்கோ அண்ணை. இவற்ற வாயால வரட்டும்."

சொல்லிவிட்டு, பாதிக்குமேல் குடித்து முடித்திருந்த அந்தக் கோப்பையை மறுபடியும் நிரப்பினாள்.